நான்காம் விரல்

வலது கையை மேசைமேல் வையுங்கள். நடுவிரலை மட்டும் உள்ளங்கைப் பக்கமாக மடக்கிக்கொள்ளுங்கள். மற்ற நான்கு விரல்களின் நுனியும் மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். இப்போது கட்டைவிரலைத் தூக்கிப் பாருங்கள். வரும். ஆள்காட்டி விரலும் வரும். சுண்டுவிரல்கூடத் தட்டுத்தடுமாறி வந்துவிடும். கடைசியாக மோதிர விரல். ஊஹும். யாரோ பசை தடவி ஒட்டிவைத்த மாதிரி அது அப்படியே கிடக்கும். எவ்வளவு முக்கினாலும் மயிரிழை எழும்பாது.

உங்கள் கையில் கோளாறு எதுவும் இல்லை. எல்லாருக்கும் இப்படித்தான். விரல்களை மேலே தூக்கும் தசை விரலில் இல்லை, முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து நான்கு தசைநாண்கள் புறங்கை வழியாக நான்கு விரல்களுக்கும் ஓடுகின்றன. ஆள்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இது போக ஆளுக்கொரு தனித் தசை உண்டு. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் அந்த வசதி கிடையாது. போதாக்குறைக்கு, மோதிர விரலின் நாணைப் பக்கத்து நாண்களோடு குறுக்கு இழைகள் கட்டிப்போட்டிருக்கின்றன. நடுவிரல் மடங்கினால் அதோடு சேர்ந்து இதுவும் மாட்டிக்கொள்ளும்.

பியானோக்காரர்கள் கட்டைவிரலை ஒன்று என்று வைத்து எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் மோதிர விரல் நான்காம் விரல். இந்த ஒற்றை விரலை வழிக்குக் கொண்டுவர ஐரோப்பா 19ஆம் நூற்றாண்டு முழுக்கச் செய்த காரியங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தால் ஒரு கட்டத்தில் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஆயிரக்கணக்கான பயிற்சிகள், மரத்திலும் பித்தளையிலும் செய்த கருவிகள், அவற்றுக்குக் காப்புரிமைகள், கடைசியில் கத்தி. ஆமாம், கத்திதான். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அறுவை மருத்துவர்கள் பியானோ வாசிப்பவர்களின் புறங்கையைக் கீறி, நான்காம் விரலைக் கட்டியிருக்கும் குறுக்கு இழைகளை வெட்டிவிட்டார்கள். விரலுக்கு ‘விடுதலை’ கொடுக்கும் சிகிச்சை என்று பெயர்.

எல்லாம் எதற்காக? வேகத்துக்காக. ஐந்து விரல்களும் சம பலத்தோடு, ஒன்றையொன்று சாராமல் இயங்கினால் வேகம் தானாக வரும் என்று நம்பினார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பியானோ வாசிப்பில் உண்மையாகவே வேகத்தைக் கூட்டிய மாற்றங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்றுகூட விரல் பலத்திலிருந்து வந்ததாகத் தெரியவில்லை.

*

முதல் மாற்றம் கட்டைவிரல்.

இன்று பியானோ வகுப்பில் முதல் வாரமே கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு அடியில் நுழைத்து ஸ்கேல் வாசிக்கச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். 1700களின் தொடக்கம் வரை அது வழக்கமே இல்லை. ஹார்ப்சிகார்ட், ஆர்கன் வாசித்தவர்கள் கட்டைவிரலைப் பெரும்பாலும் கட்டைக்கு வெளியே சும்மா தொங்கவிட்டிருந்தார்கள். நீளமான விரல்கள்தான் ஒன்றின்மேல் ஒன்று தாண்டித் தாண்டி நடக்கும். மூன்று, நான்கு, மூன்று, நான்கு என்று வலது கை மேலே ஏறும். ஜொஹான் செபாஸ்டியன் பாக் 1720இல் தன் ஒன்பது வயது மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமானுக்காக எழுதத் தொடங்கிய பயிற்சி நோட்டில் வலது கைக்கு இந்தப் பழைய நடையையே எண் போட்டுக் காட்டியிருக்கிறார்.

ஆனால் அதே பாக்தான் கட்டைவிரலை உள்ளே கூட்டிவந்தவர் என்கிறார் அவருடைய இன்னொரு மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல். 1753இல் வெளியான அவருடைய கீபோர்டு வாசிப்பு நூலில் இந்தச் செய்தி இருக்கிறது. அப்பா சிறுவனாக இருந்தபோது கேட்ட பெரிய பெரிய வித்வான்கள்கூட, விரல்களை அகலமாக விரிக்க வேண்டிய இடத்தில் மட்டும்தான் கட்டைவிரலைத் தொட்டார்களாம். பாக் காலத்தில் சங்கீதம் மாறியது. கருப்புக் கட்டைகள் நிறைய வரும் சுருதிகளில் எழுத ஆரம்பித்தார்கள். பழைய நடை அங்கே செல்லுபடியாகவில்லை. கட்டைவிரல் அச்சாணி மாதிரி நடுவில் நின்றுகொள்ள, கை அதன்மேல் புரண்டு அடுத்த இடத்துக்குப் போகும் புது நடை பிறந்தது.

எந்த விரலும் இதனால் பலசாலி ஆகிவிடவில்லை. வேலை யார் யாருக்கு என்ற பங்கீடு மாறியது, அவ்வளவுதான். மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், மெஷினை மாற்றவில்லை, அல்காரிதத்தை மாற்றினார்கள். மெதுவாக ஓடும் ப்ரோக்ராமுக்கு இன்னொரு சர்வர் வாங்கிப்போடுவதற்கும், உள்ளே இருக்கும் லூப்பைத் திருத்தி எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம்.

*

1781 டிசம்பர் 24, வியன்னா. பேரரசர் இரண்டாம் ஜோசப்பின் அரண்மனை. ரஷ்ய இளவரசர் தம்பதி விருந்தாளிகள். அவர்கள் முன்னால் இரண்டு பேரைப் போட்டிக்கு உட்காரவைத்தார் பேரரசர். ஒருவர் மோட்ஸார்ட், வயது 25. இன்னொருவர் ரோமில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த மூஸியோ க்ளெமென்டி, வயது 29. மூன்றாம் ஸ்வர ஜோடிகளை ஒரே கையில் மின்னல் மாதிரி ஓட்டுவது க்ளெமென்டியின் சிறப்பு.

போட்டி முடிந்த சில வாரங்களில் மோட்ஸார்ட் அப்பாவுக்கு எழுதிய கடிதம் கருணையே இல்லாதது. வலது கை நன்றாக ஓடுகிறது, மூன்றாம் ஸ்வர ஓட்டங்கள் பிரமாதம், மற்றபடி ரசனையும் இல்லை உணர்ச்சியும் இல்லை, வெறும் யந்திரம் என்று தீர்த்துவிட்டார். இதைப் பொறாமை என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது 1783 ஜூனில் அவர் எழுதிய இன்னொரு கடிதம். அக்கா நானெர்ல் வீட்டில் க்ளெமென்டியின் சொனாட்டாக்களை வாசித்துக்கொண்டிருந்தார். அந்த இரட்டை ஸ்வர ஓட்டங்களை அதிகமாகப் பழக வேண்டாம், கையின் அமைதியும் இயல்பான லேசும் வழுக்கிக்கொண்டு ஓடும் வேகமும் கெட்டுப்போகும் என்று எச்சரிக்கிறார் தம்பி. வேகத்துக்கான பயிற்சியே வேகத்தைக் கெடுக்கலாம் என்று எச்சரிக்கிறார். அப்போது பியானோவுக்கே வயது நூறு ஆகவில்லை!

க்ளெமென்டிக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவர் மோட்ஸார்ட்டை வாய்நிறையப் புகழ்ந்திருக்கிறார். அந்தக் காலத்தில் தனக்கு வித்தைகாட்டும் மோகம் இருந்தது, பிறகுதான் பாடுவது போன்ற வாசிப்புக்கு வந்தேன் என்று பிற்காலத்தில் தன் மாணவரிடம் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் காலம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது வித்தையைத்தான். லண்டனில் பியானோ தயாரிக்கும் கம்பெனி நடத்தினார். 1817 முதல் 1826 வரை நூறு பயிற்சிகள் அடங்கிய பெரிய தொகுப்பை மூன்று பாகங்களாக வெளியிட்டார். பியானோவையும் விற்று, அதை வாசிக்கும் வழியையும் விற்கும் இந்த வியாபார மாதிரி அடுத்த தலைமுறைக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

*

இந்த இடத்தில் எல்லாரும் கார்ல் செர்னியைப் பிடித்து அடிப்பார்கள். குழந்தைகளின் மாலைப்பொழுதைக் கொன்ற மனிதர், பயிற்சிகளைப் பிரசவித்துக்கொண்டே இருந்த தொழிற்சாலை. அவருடைய ஓபஸ் எண் 861 வரை போகிறது. நான் அந்த அடியில் சேரமாட்டேன்.

1800ஐ ஒட்டிய வருடங்களில் பத்து வயதுப் பையனாக செர்னி பேத்தோவனிடம் கற்க வந்தார். முதல் வகுப்புகளில் பேத்தோவன் சொல்லிக்கொடுத்தது எல்லாச் சுருதிகளிலும் ஸ்கேல்கள், கையை வைக்கும் முறை, முக்கியமாகக் கட்டைவிரலின் பயன். அப்போதும் பலருக்கு அது பழக்கமில்லாத சங்கதி என்று செர்னி தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதுகிறார். வாங்கிவரச் சொன்ன பாடநூல், மேலே பார்த்த அதே கார்ல் ஃபிலிப் இமானுவேல் பாக்கின் நூல். பாக் வீட்டு நுட்பம் பேத்தோவன் கை வழியாக செர்னிக்கு வந்துசேர்ந்தது. அவர் தினமும் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் பாடம் நடத்தினார். 1822இல் ஒரு பையனைக் காசு வாங்காமல் சேர்த்துக்கொண்டார். மூன்று வருடத்துக்கு முன் முதன்முதலில் வாசித்துக்காட்ட வந்தபோது குடித்தவன் மாதிரி ஸ்டூலில் ஆடிக்கொண்டு, விரல்களைக் கண்டபடி இறைத்துக்கொண்டிருந்த பையன். பெயர் ஃப்ரான்ஸ் லிஸ்ட். பிற்காலத்தில் லிஸ்ட் தன் மிகக் கடினமான எத்யூட் தொகுப்பை, 1852இன் இறுதி வடிவத்தில், செர்னிக்குத்தான் சமர்ப்பித்தார்.

செர்னியின் வேகப் பள்ளி என்று பெயர்பெற்ற ஓபஸ் 299இன் முதல் பயிற்சியில் மெட்ரோனோம் குறி ஒன்று இருக்கிறது. அரை நோட்டுக்கு நிமிடத்துக்கு 108 தட்டு. ஒரு தட்டுக்கு எட்டு ஸ்வரங்கள். பெருக்கினால் நிமிடத்துக்கு 864. நொடிக்கு 14க்கு மேல். இரண்டு ஸ்வரங்களுக்கு இடையில் கிடைக்கும் அவகாசம் சுமார் 70 மில்லி செகண்ட்.

இந்த எண்ணில் ஒரு சுவாரசியம் ஒளிந்திருக்கிறது. ஒரு ஒலியைக் கேட்டு விரலை அசைக்க மனிதனுக்கு அதைப்போல இரண்டு மடங்கு நேரமாவது ஆகும். அப்படியென்றால் வாசிப்பவர் ஒரு ஸ்வரத்தைக் கேட்டுவிட்டு அடுத்ததை முடிவுசெய்ய வழியே இல்லை. 1951இல் உளவியலாளர் கார்ல் லாஷ்லி தன் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில் இதைத்தான் சுட்டிக்காட்டினார். இசைக்கலைஞரின் விரல் நொடிக்கு 16 முறை இயங்கும்போது ஒரு அசைவு அடுத்த அசைவைத் தூண்டுகிறது என்ற சங்கிலி விளக்கம் எடுபடாது. வரிசை முழுதும் முன்கூட்டியே மூளையில் தயாராகி, ஒரு கட்டாக இறங்கியாக வேண்டும். ஒவ்வொரு வரியாகப் படித்து ஓட்டும் இன்டர்ப்ரெட்டர் அல்ல. முன்பே கம்பைல் ஆன ஒரு துண்டு.

நம்மூர்க் குழந்தைகள் சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடுவதை இதோடு வைத்துப் பாருங்கள். முதல் காலத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கிக்கொண்டு போவதில்லை. இரண்டாம் காலம் நேராக இரட்டிப்பு. தட்டுக்கு ஒரு ஸ்வரமாக இருந்தது இரண்டாகி, பிறகு நான்காகிவிடும். குழந்தை ஓடக் கற்றுக்கொள்வதைவிட, நான்கை ஒன்றாகப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. செர்னியின் பயிற்சிகளைப் பொறுமையாக வாசித்துப் பார்த்தால் அங்கேயும் இது இருக்கிறது. அவை வெறும் விரல் தண்டால் அல்ல. நிஜமான பாட்டில் வரும் ஓட்டங்களின் துண்டுகள். அவற்றை எழுதிய கை லேசான கையும்கூட. வியன்னா பியானோக்களின் கட்டைகள் இன்றைய பியானோவைவிட ஆழம் குறைந்தவை, தொட்டாலே இறங்குபவை. அதே 108ஐ இன்றைய கான்செர்ட் பியானோவில் வைத்துக்கொண்டு குழந்தையை மிரட்டுவது செர்னியின் குற்றமல்ல.

*

உண்மையான வில்லத்தனம் வேறு இடத்தில் ஆரம்பித்தது. 1814இல் டப்ளினில் இருந்த ஜொஹான் பெர்னார்ட் லோஜியர் ‘கைரோப்ளாஸ்ட்’ என்ற கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். கட்டைகளுக்கு முன்னால் இரண்டு மரச் சட்டங்கள். மணிக்கட்டு அவற்றுக்கு நடுவில் நுழையும், மேலும் கீழும் அசையாது. ஐந்து விரலுக்கும் தனித்தனிப் பித்தளைத் தடுப்புகள். கை வழிதவறவே முடியாது. பல பியானோக்களை ஒரே அறையில் போட்டு இருபது பிள்ளைகளை ஒரே நேரத்தில் வாசிக்கவைத்தார் லோஜியர். முறை பரவியது. 1820களில் பிரஷ்ய அரசே அவரை பெர்லினுக்குக் கூப்பிட்டது. 1836 வாக்கில் பாரிஸில் ஆன்ரி ஹெர்ஸ் இன்னொன்று கொண்டுவந்தார். கட்டைகளுக்கு மேலே ஒரு மரத்தண்டு, அதிலிருந்து ஸ்பிரிங்குகளில் தொங்கும் பத்து மோதிரங்கள். விரல்களை மாட்டிக்கொண்டு ஸ்பிரிங்கை எதிர்த்து அழுத்த வேண்டும். நம் ஜிம்முக்குத் தாத்தா.

இவர்களில் என்னை அதிகம் கவர்பவர் ஃப்ரீட்ரிக் கால்க்ப்ரென்னர். பாரிஸின் நட்சத்திரம், ப்ளெயெல் பியானோ கம்பெனியின் பங்காளி. லோஜியர் கருவியை எளிமையாக்கி, முன்கையைத் தாங்கும் ஒற்றைச் சட்டமாக மாற்றிக்கொண்டார். அது இருந்தால் கையைப் பற்றிய கவலையே வேண்டாம். விரல் பயிற்சி ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் எதையாவது வைத்துப் படித்துக்கொண்டிருக்கலாம் என்று பரிந்துரைத்தார். வேகத்துக்குத் தலை தேவையில்லை என்ற கருத்து இதைவிட நேர்மையாக வேறெங்கும் சொல்லப்படவில்லை.

1831 கடைசியில் போலந்திலிருந்து ஒரு 21 வயது இளைஞன் பாரிஸ் வந்து இவருக்கு வாசித்துக்காட்டினான். கால்க்ப்ரென்னர் பாராட்டினார், பிறகு மூன்று வருடம் என்னிடம் படி என்றார். ஃப்ரெடெரிக் ஷோபான் கொஞ்சம் ஆடிப்போனது உண்மை. கால்க்ப்ரென்னரின் சீரான வாசிப்பின்மேல் அவனுக்கு அவ்வளவு மரியாதை. வார்ஸாவில் இருந்த பழைய ஆசிரியர் எல்ஸ்னருக்கும் குடும்பத்துக்கும் எழுதினான். வேண்டாம் என்று பதில் வந்தது. மரியாதையாக மறுத்துவிட்டு, தன் ஈ மைனர் கான்செர்ட்டோவை அவருக்கே சமர்ப்பித்தான். நாசூக்காகத் தப்பிப்பது எப்படி என்று ஷோபானிடம்தான் கற்க வேண்டும்.

தப்பிக்காத ஒருவன் அப்போது லைப்ஸிக்கில் இருந்தான். சட்டப் படிப்பை விட்டுவிட்டு, 1830இல் ஃப்ரீட்ரிக் வீக் என்ற ஆசிரியரின் வீட்டிலேயே தங்கிப் பியானோ படிக்க வந்த ராபர்ட் ஷூமான், வயது 20. அதே வீட்டில் ஆசிரியரின் 11 வயது மகள் க்ளாரா அனாயாசமாக வாசித்துக்கொண்டிருந்தாள். நாம் தாமதமாக ஆரம்பித்துவிட்டோம், இழந்த வருடங்களைப் பிடித்தாக வேண்டும் என்ற பதற்றம் அவனுக்கு. இந்தப் பதற்றம் தெரியாதவர்கள் நம் துறையில் குறைவு. அந்த வருட ஈஸ்டர் சமயத்தில் ஃப்ராங்ஃபர்ட்டில் பாகனீனியின் வயலினைக் கேட்டதும் சேர்ந்துகொண்டது.

ஷூமான் ஏதோ யந்திரத்தில் விரலை மாட்டி உடைத்துக்கொண்டான் என்று கதை சொல்வார்கள். கதை அவ்வளவு நேரானதல்ல. மாட்டியது நடுவிரல். நான்காம் விரலோடு பிணைந்திருக்கும் அதே நடுவிரல். 1830இலேயே மரத்துப்போன விரலைப் பற்றி நாட்குறிப்பில் புலம்பல் இருக்கிறது. 1832 மே மாதக் குறிப்பில், சுருட்டுப் பெயர் சூட்டிய ஏதோ ஒரு சாதனத்தால் மூன்றாம் விரல் கொஞ்சம் தேறியிருப்பதாக எழுதுகிறான். அதாவது சாதனத்துக்கு முன்பே விரல் தகராறு பண்ண ஆரம்பித்துவிட்டது. சாதனம் அதற்கான வைத்தியம் என்றுதான் அவன் நினைத்திருக்கிறான். வீக் பின்னாளில் எழுதிய நூலில், தனக்குத் தெரியாமல் ஒரு மாணவன் விரல் வதைக்கருவி செய்து மூன்றாம் நான்காம் விரல்களைக் கெடுத்துக்கொண்டதாகக் கோபத்தோடு குறிப்பிடுகிறார். பெயர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

பிறகு வைத்தியங்கள். மூலிகைக் கட்டு, சாராயத்தில் நனைப்பது, மின்சாரம், ஹோமியோபதி. எல்லாவற்றையும்விட விசித்திரம், அப்போதுதான் வெட்டிய மிருகத்தின் சூடான வயிற்றுக்குள் கையை வைத்திருப்பது. மாட்டின் குணம் தனக்குள் கலந்துவிடுமோ என்று அந்த நிலையிலும் ஜோக் அடித்தான். 1832 முடிவதற்குள், இனி இது சரியாகாது என்று அம்மாவுக்கு எழுதிவிட்டான். ஒருவகையில் நமக்கு லாபம்தான் என்று ரசிகர்கள் சொல்வார்கள்: மேடைக்காரனை இழந்து, கார்னிவாலும் க்ரைஸ்லரியானாவும் எழுதியவனைப் பெற்றோம் என்று. எனக்கு இந்தக் கணக்கு பிடிப்பதில்லை. விரலை இழந்தவனிடம் கேட்டுவிட்டுப் போட்ட கணக்கு அல்ல இது. அவன் எழுதியதையெல்லாம் உலகத்துக்கு வாசித்துக்காட்ட க்ளாராவின் கைகள்தான் வேண்டியிருந்தன.

என்ன நடந்திருக்கும்? சிபிலிஸுக்கு எடுத்த பாதரச மருந்தின் விஷம் என்று ஒரு காலத்தில் வாதம் இருந்தது. இன்று இசைக்கலைஞர்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்கள் பலர் சந்தேகிப்பது ஃபோகல் டிஸ்டோனியா. கையில் காயம் இருக்காது, வலியும் பெரும்பாலும் இருக்காது. கோளாறு மூளையில். ஒவ்வொரு விரலுக்கும் மூளையில் ஒரு தனி இடம் இருக்கிறது. சலிக்காமல் ஒரே அசைவை லட்சக்கணக்கான முறை திணித்தால் சிலருக்கு அந்த இடங்களின் எல்லைகள் அழிந்து ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பிறகு ஒரு விரலை அசைக்கச் சொன்னால் இன்னொன்று தானாகச் சுருளும். தொழில்முறை இசைக்கலைஞர்களில் சுமார் நூற்றில் ஒருவருக்கு இது வருகிறது. விரல்களைப் பிரிக்க வேண்டும் என்ற பயிற்சி, மூளைக்குள் அவற்றை ஒட்டவைத்துவிடுகிறது.

*

இதற்கு நடுவில் வேகம் நிஜமாகவே கூடியது. கூட்டியது ஒரு தச்சு வேலை. பியானோவில் கட்டையை அழுத்தினால் சுத்தி மேலே போய்த் தந்தியை அடித்துவிட்டு விழும். பழைய அமைப்பில் அதே ஸ்வரத்தைத் திரும்ப அடிக்க, கட்டை முழுவதுமாக மேலே வந்தாக வேண்டும். 1821இல் காப்புரிமை பெற்ற செபாஸ்டியன் எராரின் அமைப்பு, விழும் சுத்தியைப் பாதி வழியில் பிடித்துக்கொண்டது. கட்டை கொஞ்சம் மேலே வந்தாலே அடுத்த அடிக்குத் தயார். ஒரே ஸ்வரத்தைப் படபடவென்று அடிப்பது திடீரென்று சாத்தியமானது. சிறுவன் லிஸ்ட் பாரிஸுக்கு வந்ததும் எரார் கம்பெனி அவனைப் பிடித்துப் போட்டுக்கொண்டது. 1824இல் லண்டனில் அந்தப் புதுப் பியானோவில் அவன் வாசித்தான். இன்றைய எல்லா கிராண்ட் பியானோவுக்குள்ளும் இருப்பது அதன் வழித்தோன்றல்தான்.

ஆனால் பியானோ அதோடு நிற்கவில்லை. அரங்குகள் பெரிதாகின. இரும்புச் சட்டம் வந்தது, தந்திகள் தடித்தன, சுத்தி கனத்தது, கட்டை ஆழமானது. ஹார்ப்சிகார்டில் கையை அசைக்காமல் விரலை மட்டும் அசைப்பது சரியான அறிவுரை. அந்தக் கட்டைக்கு அது போதும். கருவி மாறியும் அறிவுரை மாறவில்லை. இருபது வருடத்துக்கு முன் எவரோ எழுதிய கோடை, ஏன் எழுதினார் என்று தெரியாமல் இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கும் பேங்க் சர்வர் மாதிரி, கனமான பியானோவிலும் ஆசிரியர்கள் மாணவனின் புறங்கையில் நாணயத்தை வைத்து, விழக்கூடாது என்றார்கள்.

1873இல், வடக்கு ஃப்ரான்ஸின் துறைமுக ஊரான பூலோனில், ஷார்ல் லூயி ஹானோன் 60 பயிற்சிகள் கொண்ட புத்தகத்தை வெளியிட்டார். மெட்ரோனோமில் 60இல் தொடங்கி 108 வரை ஏற்று, ஐந்து விரலும் சமமாகும் என்பது வாக்குறுதி. சென்னையில் கீபோர்டு வகுப்புக்குப் போனவர்கள் அநேகமாக இதன் ஜெராக்ஸைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் அபார்ட்மென்டின் மூன்றாவது மாடியில் ஒரு சிறுமி தினமும் மாலை ஆறு மணிக்கு இதன் முதல் பயிற்சியை வாசிக்கிறாள். லிஃப்டில் ஏறும்போது மூன்றாவது மாடி வந்ததை எண்ணைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். ஹானோன் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். காலையில் விரலைச் சூடேற்றப் பத்து நிமிடம் அது நல்லதுதான். அது செய்துகாட்டுவதாகச் சொன்ன காரியத்தைத்தான் அதனால் செய்ய முடியாது.

கைவலியோடு வந்த மாணவர்களைப் பார்த்தபிறகு ஜெர்மனியில் லூட்விக் டெப்பே முதலானவர்கள், விரல் தனியாக வாசிப்பதில்லை, தோளிலிருந்து முழுக் கையும் வாசிக்கிறது என்று பேச ஆரம்பித்தார்கள். அது வேறு பள்ளிகளாகப் பிரிந்து, எல்லாவற்றையும் தளரவிடு என்ற எதிர்முனைக்கும் போனது. 1929இல் பால்டிமோரில் ஓட்டோ ஆர்ட்மன் கருவிகள் வைத்து அசைவுகளை அளந்து, முழுத் தளர்ச்சியும் கட்டுக்கதைதான் என்று காட்டினார். அந்தச் சண்டை தனிக் கட்டுரைக்கானது.

நான் அடிக்கடி திரும்பிப் போவது ஷோபானிடம். வாசிப்பு முறை பற்றி ஒரு நூல் எழுதப்போவதாகச் சில பக்கங்கள் கிறுக்கிவைத்தார். முடிக்கவில்லை. 1849இல் இறந்துபோனார். அந்தக் காகிதங்கள் முழுமையாக அச்சாக 20ஆம் நூற்றாண்டு ஆயிற்று. அதில் அவர் சொல்வது, அவர் காலத்தின் முதலீடு மொத்தத்துக்கும் எதிரானது. விரல்களை ஏன் சமமாக்கப் பாடுபடுகிறீர்கள்? ஒவ்வொரு விரலும் வேறு மாதிரி செய்யப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி ஒலி இருக்கிறது, அதைக் கெடுக்காமல் வளர்க்கலாமே. நான்காம் விரலைப் பற்றியும் பேசுகிறார். அது மூன்றாம் விரலோடு ஒட்டிப்பிறந்த இரட்டை, அதைப் பிரிக்கவே முடியாது, நல்லவேளையாகப் பிரிக்கவும் தேவையில்லை என்கிறார். உடற்கூறியல் படிக்காத மனிதர்!

சொன்னதோடு நிற்கவில்லை. மாணவர்களுக்கு முதல் ஸ்கேலாக எல்லாரும் தரும் சி மேஜரை அவர் தரவில்லை. எல்லாம் வெள்ளைக் கட்டை, பார்க்க எளிது, ஆனால் கைக்கு அதுதான் கடினம், அதனால் கடைசியில். முதலில் பி மேஜர். நீளமான நடுவிரல்கள் உயரமான கருப்புக் கட்டைகளில் உட்காரும், குட்டையான கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெள்ளையில். கை தன் வடிவத்திலேயே இறங்கிவிடுகிறது. தினமும் மூன்று மணிநேரத்துக்குமேல் பழகக்கூடாது என்று மாணவர்களைத் தடுத்தார். கால்க்ப்ரென்னர் பக்கத்தில் புத்தகம் வைத்துப் படிக்கச் சொன்ன அதே ஊரில்.

அவருடைய ஓபஸ் 10, 1833இல் வெளிவந்தது. இரண்டாம் எத்யூடில் வலது கையின் முதலிரண்டு விரல்கள் தாளத்துக்குச் சின்னச் சின்ன ஸ்வரக்கொத்துகளைத் தட்டிக்கொண்டிருக்க, பலமில்லாத மிச்ச மூன்று விரல்களும் க்ரோமடிக் ஸ்கேலை வேகமாக ஓட்ட வேண்டும். கட்டைவிரலை நுழைக்க வழியில்லை. நீளமான விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று தாண்டித்தான் நடக்க வேண்டும். ஷோபானே விரல் எண்களைப் போட்டுவைத்திருக்கிறார். பாக் தன் ஒன்பது வயது மகனுக்கு நோட்டில் எழுதிக்கொடுத்த நடை, நூறு வருடம் கழித்து, உலகின் மிக வேகமான பக்கங்களில் ஒன்றில் திரும்பி வந்துவிட்டது. நான்காம் விரலைத் தனியே பிரித்து நிறுத்தாமல், அண்ணன் தோளைத் தாண்டிப் போக விட்டிருக்கிறார்.

*

செர்னியின் மாணவர் தியோடோர் லெஷெடிட்ஸ்கி. லெஷெடிட்ஸ்கியின் மாணவர் ஆர்தர் ஷ்னாபெல். ஷ்னாபெல் 1938இல் ஒரு ஒன்பது வயது அமெரிக்கப் பையனைச் சேர்த்துக்கொண்டார். பெயர் லியோன் ஃப்ளைஷர். பேத்தோவனிலிருந்து எண்ணினால் ஐந்தாவது கை. 1952இல் ப்ரஸ்ஸல்ஸின் ராணி எலிசபெத் போட்டியில் முதல் பரிசு. 1964இல், ஜார்ஜ் ஸெல்லின் க்ளீவ்லாண்ட் ஆர்கெஸ்ட்ராவோடு சோவியத் பயணம் நெருங்கிக்கொண்டிருந்த சமயம், அவருடைய வலது கையின் நான்காம் விரலும் ஐந்தாம் விரலும் தாமாக உள்ளே சுருள ஆரம்பித்தன. வயது 36.

ஷூமானைப் போலவே அவரும் கண்ணில்பட்ட வைத்தியத்தையெல்லாம் பார்த்தார். மனச்சோர்வில் விழுந்தார். இடது கைக்கு மட்டும் எழுதப்பட்டவற்றை வாசித்தார், குறிப்பாக ராவெலின் கான்செர்ட்டோ. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பால் விட்கென்ஸ்டைனுக்காக எழுதப்பட்டது அது. விட்கென்ஸ்டைனும் லெஷெடிட்ஸ்கியின் மாணவர்தான். ஃப்ளைஷர் பாடம் நடத்தினார், ஆர்கெஸ்ட்ரா நடத்தினார். கோளாறுக்கு டிஸ்டோனியா என்ற பெயர் கிடைக்கவே பல வருடங்கள் ஆயின. யோசிக்காமல் யந்திரம் போலப் பழகிய மணிநேரங்களைத்தான் பிற்காலப் பேட்டிகளில் அவர் குற்றம் சொன்னார். 1990களில் முன்கைத் தசையில் போடோக்ஸ் ஊசி போட்டபோது சுருள் தளர்ந்தது. குணமாகவில்லை, தளர்ந்தது. மாதங்கள் கழித்து மறுபடி ஊசி.

2004இல் ‘இரு கைகள்’ என்ற பெயரில் ஒரு ஆல்பம் வெளியிட்டார். நாற்பது வருடங்கள் ஆகியிருந்தன. அதைத் தேடிக் கேளுங்கள், யூடியூபில் இருக்கிறது. முதல் பாடல் பாக்கினுடையது, நிதானமானது. நான்காம் விரல் வரும் இடங்களில் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்டேன். அது எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.